அக்காவின் ஈரலும் சஷ்டி விரதமும்

“...குடிகாரனுக்கு வாற வருத்தம் எனக்கு வந்திட்டுது, சரி, அது என்ர விருப்பத்தில வரேல்லை. சாப்பிடாமல் இருக்கிறது ஒண்டுதான் என்ர விருப்பம். அதையும் நீங்கள் மறிச்சால், என்ர பிள்ளைக்கெண்டு நான் வேற என்னத்தைச் செய்யிறது தம்பி?”

அக்கா இதைக் கிளினிக் டொக்டரிடம் கேட்டபோது கந்தசஷ்டி பாதி தாண்டியிருந்தது. வெளியே மழை. நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நான் அக்காவின் கதிரைக்குப் பின்னால் நின்றேன். டொக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். முறை பார்த்து வாங்கில் குந்தியிருந்த சனமும் கதையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தது. எனக்கு உடம்பு அங்கே, மனம் ஓர்ஸ் ஹில்லில். பூட்டின கடைக்குள் ரெலிபோன் அடித்துக்கொண்டிருக்கிறதோ என்ற யோசனை.

அந்த நாட்களில் நான் ஓர்ஸ் ஹில்லில் ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருந்தேன். வீட்டுக்கு வீடு போன் இல்லாத காலம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் என் கடை நம்பருக்கு எடுப்பார்கள், “அரை மணித்தியாலத்தில திருப்பி எடுக்கிறன், அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ” என்பார்கள். நான் ஆளனுப்பிக் கூப்பிடுவேன். சனம் என் கடையில் அழுதது, சிரித்தது, கலியாணம் பேசியது, சண்டை பிடித்தது. மனிசர் எப்படியெல்லாம் கதைப்பார்கள் என்பதை நான் அந்த மேசையில் இருந்துதான் படித்தேன். ஒரு அம்மா ஒவ்வொரு முறையும் போனை வைத்தபின், “குரல் கொஞ்சம் மெலிஞ்சிட்டுது, சாப்பிடுறான் இல்லை” என்பார்.

அக்காவின் ஒரே மகன் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவன். ஆபிரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் இருந்து கடைசியாக எடுத்து, “இன்னும் ஒரு பிளேன்தான் அம்மா” என்றான். அதன் பிறகு மாதக்கணக்கில் சத்தமில்லை. அன்று தொடங்கி நான் கடை திறக்கும் நேரம் அக்கா வந்துவிடுவார். போனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை. யாராவது நீட்டி முழக்கிக் கதைத்தால் சீலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் சரிசெய்வார், எழும்பி வாசலுக்குப் போவார், திரும்பி வந்து இருப்பார். பாண் கடைக்காரர் ஒருநாள் பாதிக் கதையில் போனை வைத்துவிட்டு, “அக்கா பக்கத்தில இருந்தால் எனக்கு மனிசியோடகூடக் கொஞ்ச ஏலாமக் கிடக்கு” என்றார். அக்காவும் சிரித்தார். ஆனால் கதிரையை நகர்த்தவில்லை.

வருத்தம் அதற்கு முன்னமே இருந்தது. முதலில் கால் வீங்கியது, பிறகு வயிறு. சலரோகக்காரி, இரத்தத்தில் சீனி கூடின ஆள், அதுதான் என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்த பிறகு ஈரல் சுருங்கிக் கரடுபட்டுப் போய்விட்டது என்றார்கள். அந்தச் செய்தி எங்கள் ஒழுங்கைக்குள் நுழைந்ததும் சனத்துக்கு வேறு வேலை இல்லாமல் போனது. ஈரல் என்றால் சாராயம், சாராயம் என்றால் ஈரல், இதைவிட வேறு கணக்கு அவர்களுக்குத் தெரியாது. “சாமியறைக்குள்ள என்ன போத்தல் கிடக்கோ, ஆர் கண்டது” என்று பின்வீட்டுக்காரி சொன்னதாக எனக்குக் காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்தது. “நல்லெண்ணெய்ப் போத்தல் கிடக்கு, வேணுமெண்டால் வந்து குடிக்கச் சொல்லு” என்றார்.

நாங்கள் எங்களுக்குத் தெரிந்ததைச் செய்தோம். பத்தியம். மீன் இல்லை, முட்டை இல்லை, பருப்புக்கூட மந்தம் என்று நிறுத்தினோம். கஞ்சியும் பாணுமாகக் கொடுத்தோம். கொஞ்ச மாதத்தில் அக்காவின் கை, வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிற மாதிரி ஆகிவிட்டது. வயிறு மட்டும் முன்னால்.

அப்போதுதான் இந்த டொக்டர் வந்தார். கிண்ணியா முஸ்லிம் பொடியன். பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் கடலைக் கடந்துதான் வரவேண்டும். அந்தப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் பாதை நிற்கும், பாதை நின்றால் கிளினிக் இல்லை. சிலநாள் சனம் மத்தியானம் வரைக்கும் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகும். வந்தாரானால் ஒவ்வொருவருக்கும் இருந்து விளங்கப்படுத்துவார். முதல் நாளே அக்காவின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இவங்களை ஆர் பட்டினி போட்டது?” என்று கேட்டார்.

நான் பத்தியத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. “முந்தி டொக்டர்மாரும் அப்பிடித்தான் சொன்னவங்க. இப்ப ஆராய்ச்சி செஞ்சு பாத்து, அது பிழையெண்டு கண்டிருக்காங்க. உப்பைக் குறையுங்க, சாப்பாட்டைக் குறைக்காதீங்க. மீன், முட்டை, பயறு, தயிர், எல்லாம் வேணும். படுக்க முதல் திரும்ப ஒருக்காச் சாப்பிடோணும்” என்றார். குடிக்காத ஆளுக்கும் இது வரும், சலரோகமும் ஈரலில் சேர்கிற கொழுப்பும் போதும் என்றார். அன்று அக்கா கிளினிக் முழுவதையும் திரும்பிப் பார்த்துக்கொண்டு, “தம்பி, அதைக் கொஞ்சம் பெலத்துச் சொல்லுங்கோ” என்றார்.

நீர் போகக் குளிசை, இரத்தக்குழாய் வெடியாமல் இருக்க ஒரு குளிசை, பிறகு ஒரு பாணி மருந்து. பாணிதான் முக்கியம் என்றார். வயிற்றில் சேருகிற நஞ்சை அது வெளியே தள்ளும், நாளுக்கு இரண்டு மூன்று தரம் வயிறு போகவேண்டும். அக்கா ஒழுங்காகக் குடித்தார். மீன் தின்றார், முகம் தெளிந்தது. படுக்க முதல் சாப்பிடுகிற விசயத்தை மட்டும் இரண்டு பேரும் காற்றில் விட்டோம். எங்கள் பக்கத்தில் அப்போது இருட்ட முதல் சாப்பிட்டு, குசினியைப் பூட்டி, விளக்கை நூர்த்துவிடுவது வழக்கம். ரோந்து போகிறவன் வெளிச்சத்தைக் கண்டு கதவைத் தட்டக்கூடாது. சண்டை தொடங்கின நாள் முதல் அப்படித்தான்.

பிறகு கந்தசஷ்டி வந்தது. அக்கா எனக்குச் சொல்லாமல் நேர்ந்துவிட்டார். மகனின் குரல் கேட்கவேண்டும், அதற்காக ஆறு நாளும் தண்ணீர் மட்டும். நான் அறிந்து கத்தினபோது, “நீ உன்ர கடையைப் பார், நான் என்ர முருகனைப் பாக்கிறன்” என்றார். பாணி இனிப்பாம், விரத வாயில் படக்கூடாதாம். அதையும் நிறுத்திவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

கிளினிக்குக்கு வந்த நாளுக்கு முதல்நாள், கோயிலில் இருந்து இரண்டு பேரும் நடந்து வந்தோம். செக்பொயின்ரில் வரிசை. அக்காவின் முறை வந்தது. ஆமிக்காரன் ஐசியை, அடையாள அட்டையைக் கேட்டான். அக்கா சட்டைக்குள் கையை விட்டு, விபூதிப் பொட்டலத்தை எடுத்து அவனுடைய கையில் வைத்தார். அவன் அதைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். இரண்டாம் முறை கேட்டான். அக்கா அவனைப் பார்த்துச் சிரித்து, “பூசு மோனை, பூசு” என்றார். அவன் குனிந்து அக்காவின் வாயை மணந்து பார்த்தான். “பீலாத?” என்றான். குடித்திருக்கிறாளா என்று.

எனக்கு வாய்க்கு வந்த சிங்களத்தில் வருத்தம், ஆஸ்பத்திரி, மருந்து என்று கொட்டினேன். நல்ல காலம், பக்கத்தில் நின்ற வயதான ஆமிக்காரன் கையைக் காட்டிப் போகச்சொன்னான். வீட்டு வாசலில் அக்கா என்னைக் கேட்டார், “இது ஆரின்ர வீடு?”

விடிய எழும்பினபோது அக்காவுக்குக் கொஞ்சம் தெளிவு. நடந்ததைச் சொன்னேன். நம்பவில்லை. கடைக்குப் போவோம் என்று நின்றார். நான் கடையைத் திறக்காமல் அவரை ஓட்டோவில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். வழி முழுக்க ஒரே கேள்வி, “இப்ப அவன் எடுத்தால் ஆர் தூக்கிறது?”

அதுதான் கதை. இனித் திரும்பக் கிளினிக்குக்கு.

அக்காவின் கேள்வியைக் கேட்ட டொக்டர் பேனையை மூடி வைத்தார். “கையை முன்னால நீட்டுங்க. பஸ்ஸை மறிக்கிற மாதிரி விரிச்சுப் பிடியுங்க” என்றார். அக்கா பிடித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு உள்ளங்கையும் தன்பாட்டில் சரிந்து விழுந்தன, நிமிர்ந்தன, மறுபடியும் விழுந்தன. யாரோ மணிக்கட்டில் தட்டுகிற மாதிரி. அக்கா தன் கைகளை வேறு யாருடையதையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“பாணியும் விட்டாச்சோ?” டொக்டர் கேட்டார்.

“விரதத்தில இனிப்புக் குடிக்கிறதே?”

“எங்கட ஆக்களுக்கும் நோன்பு இருக்கு. வருத்தக்காரர் பிடிக்கத் தேவையில்லை எண்டு மார்க்கமே சொல்லுது.”

“உங்களுக்கு எழுதி வைச்சிருக்கு தம்பி. நான் என்ர ஆளோட தனியக் கதைச்சு வைச்சனான்.”

வாங்கில் யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துக்கொண்டு அக்காவுக்குக் கிட்ட வந்தார்.

“இண்டைக்கு உங்களை வார்ட்டில மறிக்கோணும். கட்டில் இல்லை. எல்லாத்திலயும் காயக்காரர், நிலத்திலயும் கிடக்கிறாங்க. வீட்ட விடத்தான் வேணும். நாளைக்கும் பட்டினி எண்டால், தம்பியார் உங்களை நினைவில்லாமத்தான் தூக்கிக்கொண்டு வருவார். மறுகா எனக்கு ஒண்டும் செய்ய ஏலாமப் போகும்.”

அக்கா வாசலைப் பார்த்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு பேரின் காதிலும் ஒரே ரெலிபோன்.

“ராவில சாப்பிடச் சொன்னனே, சாப்பிட்டீங்களோ?”

“எங்க தம்பி, இருட்ட முதல் குசினியைப் பூட்டிறது. பிறகு விடியத்தான்.”

“எவ்வளவு காலமா?”

“சண்டை தொடங்கின நாளில இருந்து.”

டொக்டர் பெருமூச்சு விட்டார். “கேளுங்க. எங்கட ஈரல் பகல்ச் சாப்பாட்டில கொஞ்சத்தை ராவுக்கெண்டு எடுத்து வைக்கும். உங்கட ஈரலில எடுத்து வைக்க இடமில்லை. ராவில ஒண்டும் இல்லாட்டி உடம்பு உங்கட தசையைக் கரைச்சுத்தான் சீவிக்குது. தசை போனால் நஞ்சு தலைக்கு ஏறும். நல்ல சுகமான ஆள் ரெண்டு மூண்டு நாள் பட்டினி கிடந்தால் உடம்பில என்ன நடக்குமோ, அது உங்களுக்கு ஒரு ராவில நடக்குது. இது நான் சும்மா சொல்லுற கதையில்லை. ஆராய்ச்சிக்காரர் வருத்தக்காரரை வைச்சு அளந்து பாத்தது.”

அக்கா வாசலில் இருந்து பார்வையை எடுத்தார்.

“ஒரு ராவு, ரெண்டு மூண்டு நாளோ?”

“ஓம்.”

“சாப்பிட்டுப் படுத்தாலும்?”

“பொழுதுபட முதல் சாப்பிட்டுட்டு விடியுமட்டும் சும்மா கிடந்தால், ஓம்.”

அக்கா விரலை மடித்து மடித்து எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. கிளினிக் நேர்ஸ் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார். டொக்டர் கையைக் காட்டிப் பொறுத்திருக்கச் சொன்னார். நான் குடையை ஒரு கையில் இருந்து மற்றக் கைக்கு மாற்றினேன்.

“அப்ப இவ்வளவு காலமும் நான் விரதம்தான் இருந்திருக்கிறன்,” என்றார் அக்கா மெதுவாக. “ஒவ்வொரு ராவும். அவன் வெளிக்கிட்ட நாள் தொடங்கி. எனக்குத்தான் தெரியாது.” என்னை அண்ணாந்து பார்த்தார். “முருகனுக்குத் தெரிஞ்சிருக்கும், என்ன?”

“டொக்டருக்கே தெரிஞ்சிருக்கு, முருகனுக்குத் தெரியாமப் போகுமோ?” என்றேன்.

அக்கா டொக்டரிடம் திரும்பினார். “ஆறு நாளெண்டு நேர்ந்தனான். அது எப்பவோ முடிஞ்சுது. நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?”

டொக்டர் தலையைச் சொறிந்தார். “நான் ஈரலைப் பாக்கிற ஆள் அக்கா. அந்தக் கதை உங்களுக்கும் அவருக்கும்.”

“பால், தயிர் விரதத்துக்குப் பிழையில்லை” என்றார் அக்கா, யாருக்கென்றில்லாமல். பிறகு என்னிடம், “கெதியா வா, கடை பூட்டிக் கிடக்கு.”

வெளியே மழை தூறலாகிவிட்டது. கேற்றடியில் மூதூர்த் தயிர்க்காரர் றெக்சினால் மூடின சைக்கிளோடு மதிலோரம் ஒதுங்கி நின்றார். அக்கா எனக்கு முன்னால் போய், தயிர்ச் சட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓட்டோவில் ஏறினார். தெருவில் நின்று ஒரு வாய் தண்ணீர் குடித்தறியாத மனுசி, ஓட்டோக்காரன் ஸ்ராட் பண்ண முதலே சட்டியை மடியில் இறுக்கிப் பிடித்து, மேலே கட்டியிருந்த தாளைக் கிழித்தார். கை தன்பாட்டில் சரிந்து முதல் வாய் சீலையில் சிந்தியது. துடைக்கவில்லை. விரலை மறுபடி உள்ளே விட்டு, தயிராடையோடு வழித்து, வாயில் வைத்து விழுங்கினார்.