என் கோப்பையைப் படம் எடுத்தவர்

போன வாரம் மாத்தளை டவுனில் ஒரு ஸ்டூடியோவில் பழைய பிலிம் கெமரா வாங்கினேன். உள்ளே ஒரு ரோல் பாதி முடிந்திருந்தது. மீதியில் வீட்டு மிளகுக் கொடிகளை எடுத்து, கழுவக் கொடுத்தேன்.

இன்று அந்த ஸ்டூடியோக்கார நானா படங்களை மேசையில் பரப்பினார்.

"கொடிய விட இந்தச் சாமான் படங்கதான் அழகு தங்கச்சி. எப்படி எடுத்தீங்க?"

அவை நான் எடுத்தவை அல்ல.

ஜன்னலோரம் ஒரு தேநீர்க் கோப்பை, விளிம்பில் காலை வெயில். சுவரில் சாய்த்த ஈரத் துடைப்பம். வாசலில் ஒரு சோடிச் செருப்பு. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பிறகுதான் கோப்பையின் உடைந்த காதைக் கவனித்தேன். அது என் கோப்பை. பல்லேபொலயில் நான் தனியாக இருக்கும் வீட்டின் ஜன்னல்.

"இந்தக் கெமராவ யாரு வித்தாங்க, நானா?"

"ஒரு அம்மா. பல்லேபொல பஸ்ல வந்தாங்க. வாங்குறவங்க ரோலக் கழுவிப் பார்க்கணும்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க."

கடைசிப் படத்தில் என் கட்டில். போர்வைக்கு வெளியே நீட்டிய என் கால்.

அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

பூட்டு மாற்றத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால், இன்றைக்கே சொல்லுங்கள்.