நாலாவது மூட்டை வெல்லம்

சுற்றுலா என்றாலே தயாளனுக்குப் பயம். இதற்கு முன் மூன்று தடவை உடம்பைக் குறைத்திருக்கிறார். மூன்று தடவையும் ஏதாவதொரு ஊர் சுற்றல் வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. குற்றாலத்துப் புரோட்டா, ஊட்டி வர்க்கி, வீடு திரும்பியதும் "நாளையிலிருந்து ஆரம்பிக்கலாம்" என்ற பேச்சு. அந்த நாளை வந்ததே இல்லை. நாலாவது தடவைதான் நின்றது. தொண்ணூற்றாறு கிலோ எழுபத்திரண்டாகி ஐந்து வருஷம். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் படிக்கட்டில் இப்போது மூச்சு வாங்காமல் ஏறுகிறார். வயது ஐம்பத்தாறு. இன்னொரு தடவை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தன்னால் ஆகாது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை. பருத்தவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. இளைத்தவனைத்தான் நடுரோட்டில் நிறுத்தி விசாரிக்கிறார்கள். "சுகரா சார்?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. பல்லாவரம் சந்தையில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. ஆனால் இவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் மேடவாக்கத்து அக்கா பொன்னியம்மாளுக்கு ஈடாக மாட்டார்கள். தம்பிக்குப் பெரிய வியாதி, தன்னிடம் மறைக்கிறான் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள்.

அந்த அக்காதான் வேன் பிடித்து, கேரளாவுக்கு நாலு நாள் என்று கிளப்பிவிட்டாள். "அருவி கீது, மலை கீது. நீ சும்மா வந்தா போதும், தம்பி."

வண்டி செங்கல்பட்டு தாண்டவில்லை, அதற்குள் அதிரச டப்பாவைத் திறந்தாயிற்று.

"ஒண்ணே ஒண்ணுடா."

"வேணாம்க்கா. இப்பதானே இட்லி சாப்ட்டேன்."

"ஒண்ணு துன்னா செத்தா பூடுவ?"

இந்த 'ஒண்ணே ஒண்ணு'வைக் கண்டுபிடித்தவனைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். தயாளன் அதிரசத்தைப் பாதியாகப் பிட்டு, ஒரு பாதியை மனைவி வேதாவிடம் கொடுத்துவிட்டு, மறுபாதியை மெதுவாகச் சாப்பிட்டார். எதையும் பாதியாகப் பிட்டுச் சாப்பிடுவதுதான் ஐந்து வருஷமாக அவர் வழக்கம். வேன் எங்கே நின்றாலும் இறங்கி நடந்தார். பெட்ரோல் பங்கைக்கூட அவர் விடவில்லை.

"ஏங்க, டூர் வந்த எடத்துலயும் இந்தக் கூத்தா?" என்று வேதா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவருக்கு மட்டும் நாக்கு இல்லையா? திருச்சூரில் நேந்திரம்பழத்தில் பொரித்த ஒரு பழம்பொரியை ரசித்து, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கண்ணைத் திறந்தால் தட்டில் இன்னும் இரண்டு! அக்காவின் வேலை. இப்படியே மூன்று நாள். எடை பார்க்க மெஷினும் இல்லை. பேண்ட் இடுப்பை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் நாள், அருவிக்குப் போகிற வழியில் ஒரு கோயில். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். தயாளன் கழற்றினார். வயிற்றிலும் கையிலும் தோல் தளர்ந்து தொங்கியது.

"ஐயையோ!" அக்கா வாயில் அடித்துக்கொண்டாள். "தோலு தொங்கிகினு கீதே! டாக்டரு இன்னாடா சொன்னாரு? மறைக்காம சொல்லு!"

"ஒண்ணும் இல்லக்கா! கொழுப்பு போச்சு, தோலு மட்டும் தங்கிப்போச்சு! எத்தினி வாட்டி சொல்றது!"

பிராகாரமே திரும்பிப் பார்த்தது. அதற்குள் டிரைவர் நாலு மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். வழிச் சமையலுக்கு அரிசி என்று தயாளன் நினைத்திருந்த மூட்டைகள் அவை. அத்தனையும் வெல்லம்!

"தம்பி ஒடம்பு பழையபடி ஆச்சுன்னா, எடைக்கு எடை வெல்லம் தர்றேன்னு வேண்டிக்கினேன். எங்க ஆச்சு? அதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். அதான் பழைய எடைக்கே, தொண்ணூத்தாறு கிலோவ நாலு மூட்டையா வாங்கியாந்துட்டேன். துலாபாரத்துல குந்துடா."

"நான் மறுபடியும் குண்டாவணும்னு சாமிகிட்ட கேட்டியா? உருப்புடுமா இது!"

கத்தினாரே தவிர, அக்கா கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் போய் உட்கார்ந்துவிட்டார். எதிர்த்தட்டில் மூட்டைகள் ஏறின. மூன்றாவது ஏறியதும் தராசு நேராக நின்றது. மூன்று இருபத்துநாலு, எழுபத்திரண்டு! அப்பாடா என்றிருந்தது. பழம்பொரி ஒன்றும் செய்யவில்லை.

அக்கா மட்டும் தரையில் கிடந்த நாலாவது மூட்டையையே பார்த்தாள். "அதையும் வைங்க ஐயா. வேண்டுதல் கொறையக் கூடாது." கோயில்காரர் கையை விரித்தார்.

தயாளன் இறங்கி வந்தார். "அந்த மூட்டையத் தூக்குக்கா. இடுப்புல வெச்சிகினு கொடிமரம் வரைக்கும் நட."

அவளும் அவர் கூடப் பிறந்தவள்தானே, வீம்புக்குத் தூக்கினாள். நாலடி வைப்பதற்குள் மூச்சு இரைத்தது. தொப்பென்று போட்டுவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாள். "அம்மாடி... முட்டி போச்சுடா!"

"எனக்கும் அப்டித்தான் போச்சு. இருவது வருஷம்க்கா. தூங்கறப்பகூட அந்தச் சொமைய எறக்கி வெக்க முடியல." கோபமாகத்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது.

அக்கா அவர் கையில் தொங்கிய தோலை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்போ நீ நல்லாத்தான் கீறியாடா?"

"நல்லா கீறேன்க்கா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூட்டையைப் பிரித்து ஒரு கட்டி வெல்லத்தை எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு..." என்று நீட்டினாள்.

தயாளன் முறைத்தார்.

நீட்டிய கையை அக்கா மடக்கினாள். கட்டியை இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மறுபாதியை அவர் கையில் வைத்தாள்.