ஆயுத பூஜை வாரத்தில் அளந்த காற்று

எங்கள் மொட்டை மாடியில் வைத்திருந்த காற்று அளக்கும் கருவிக்கு என் நாத்தனார் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அம்பத்தூரை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் அன்று ஆயுத பூஜை. கிரைண்டருக்கு, தையல் மெஷினுக்கு, என் கணவரின் பைக்குக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவள், மாடியேறி இதற்கும் ஒன்று வைத்தாள். காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை ஒரு வெள்ளைத் தாளில் பிடித்துவைக்கும் பெட்டி அது. "இதான் அண்ணி நமக்கு நாயம் சொல்லப் போவுது. இத்த உட்டுட்டு கிரைண்டருக்கு மட்டும் வெச்சா எப்டி?" என்றாள். பக்கத்தில் நின்றிருந்த பேராசிரியர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

பேராசிரியர் போன மாதம் காலமானார். அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அவருடைய ஆய்வுகளில் களப்பணியாளராக இருந்தவள் என்பதால் என்னிடமும் இரண்டு பக்கம் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க அக்கா" என்றார் மலர்க் குழுவில் இருக்கும் அவருடைய பழைய மாணவர். நல்லது என்னிடம் நிறையவே இருக்கிறது, அதிலிருந்தே தொடங்குகிறேன். என் கணவர் வேலை பார்த்த கம்பெனியை மூடியபோது, கூப்பிட்டு எனக்கு வேலை கொடுத்தவர் அவர். வீடு வீடாகப் போய் இருமல், இளைப்பு பற்றிக் கேட்டு, ஆட்களை ஒரு குழாயில் ஊதச் சொல்லி அளவெடுக்கும் வேலை. மின்சார ரயிலில் அம்பத்தூர் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் எங்களோடு இடித்துக்கொண்டு வருவார். நோயாளி தரையில் உட்கார்ந்திருந்தால் அவரும் தரையில் உட்காருவார். அவர் கறாராக இருந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். ஆய்வு நடக்கும் வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு போயிருக்கும், மோர் டம்ளரை நீட்டுவார்கள், அவர் கும்பிட்டு மறுத்துவிடுவார். "அவங்க மோரைக் குடிச்சிட்டா அவங்க சொல்றது நம்ம காதுல வேற மாதிரி விழும்மா" என்பார். இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை செய்கிறேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இரும்பை உருக்கி வார்க்கும் பவுண்டரி ஒன்று இருக்கிறது. கொடியில் காயும் துணியிலும் மூடாத குடத்திலும் கரித்தூள் படியும். நாத்தனார் வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டிருந்தாள். வெள்ளை ரவிக்கைத் துணி தைத்து முடிப்பதற்குள் சாம்பல் நிறமாகிவிடும், அதைத் துவைத்துத்தான் கொடுப்பாள். பிறகு அவளுக்கே இளைப்பு வந்தது. பீடி, சிகரெட் புகைக்கிற ஆள் வீட்டில் கிடையாது, சமையல் காஸ் அடுப்பில்தான். தெருக்காரர்கள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பவுண்டரியை மூடச் சொல்லவில்லை, எங்கள் ஆட்களே அதில் வேலை செய்கிறார்கள். புகைபோக்கியில் தூசி பிடிக்கும் கருவியை மாட்டச் சொல்லுங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் பேராசிரியர் எங்கள் பகுதியில் ஆய்வு செய்யப் போவதாகச் சொன்னார். தெருவே அவரை நம்பியது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மெஷின்களை நிறுத்தித் துடைத்து, எண்ணெய் போட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கேட்டில் வாழைமரம் கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களும் தெற்கத்திக்காரர்களும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த வருடம் பவுண்டரியில் வாரம் முழுக்க உலை எரியவில்லை. எங்கள் கொடியில் அப்படி வெளுத்த துணியைக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் பார்த்ததில்லை. அந்த வாரத்தில்தான் கருவியை வைத்தார்கள். "சார், கம்பெனி எல்லாம் மூடியிருக்கே, இப்ப அளந்தா என்ன தெரியும்?" என்று கேட்டேன். "தேதி அப்படி அமைஞ்சிடுச்சும்மா. கட்டுரையில அதைச் சொல்லிடலாம்" என்றார். நாத்தனார் தட்டில் பொரியும் கடலையும் கொண்டுவந்தாள். வழக்கம்போலக் கும்பிட்டு மறுத்தார். "இன்னா சார், ஒரு பிடி பொரி துன்னா இன்னா ஆயிடும்?" என்று கேட்டாள். ஒரு பழக்கம் என்று சொல்லிச் சிரித்தார்.

கட்டுரை வெளிவந்தது. மண்ணூர்பேட்டைக் காற்றில் தூசி அளவோடுதான் இருக்கிறது, இளைப்புக்கும் பவுண்டரிக்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு வாரம் அளந்தோம் என்று இருந்ததே தவிர, உலை எரியாத வாரம் என்று எங்கேயும் இல்லை. கடைசியில், இந்த ஆய்வுக்கு யாரிடமும் நிதி பெறவில்லை, ஆய்வாளருக்கு இதில் சொந்த ஆதாயம் எதுவும் இல்லை என்று இரண்டு வரி. எழுதியவர் என்று அவர் பெயர் மட்டும். மனுவை விசாரித்த அதிகாரி அந்தக் கட்டுரையை எங்கள் முன்னால் தூக்கிக் காட்டினார். "உங்க தெருவுக்கே வந்து அளந்திருக்காங்க. இன்னும் என்ன வேணும்?" என்றார். மனு அத்தோடு முடிந்தது.

அடுத்த வருடம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் பேராசிரியரின் பணி ஓய்வு விழா நடந்தது. தொழிற்கூட உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் மைக் பிடித்தார். நல்ல மனிதர், கள்ளம் தெரியாதவர், நன்றி சொல்லத்தான் வந்திருந்தார். "மண்ணூர்பேட்டை ஆராய்ச்சிக்கு மெஷின் வாடகையிலேர்ந்து தேதி குறிக்கிற வரைக்கும் நம்ம சங்கம்தான் பார்த்துக்கிச்சு. கட்டுரையை எழுதக்கூட சாருக்குச் சிரமம் வைக்கல, நம்ம கன்சல்டன்ட்டே எழுதிக் குடுத்துட்டாரு. சார் ஒரு வார்த்தை மாத்தணுமே, இல்லையே. அவ்ளோ பெருந்தன்மை" என்றார். மண்டபமே கைதட்டியது. நான் இலையில் பாயசத்தை அப்படியே விட்டு எழுந்துவிட்டேன்.

கை கழுவும் இடத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார் இதைச் சொல்லல?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பணம் யாருதா இருந்தா என்னம்மா? அளவு அளவுதானே. நான் ஒரு எண்ணையாவது மாத்தினேனா?" என்றார். மாற்றவில்லைதான். அதுதான் என் வயிற்றெரிச்சல். எண் உண்மை, அளந்த இடம் உண்மை, எல்லாம் சேர்ந்தபோது பொய். பணம் கொடுத்தவன் எண்ணைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, எந்த வாரம் என்று சொன்னால் போதும். பணம் யாருடையது என்று ஒரு வரி இருந்திருந்தால், எங்கள் மனுவைப் படித்த அதிகாரிக்கு ஒரு கேள்வியாவது வந்திருக்கும், எப்போது அளந்தீர்கள் என்று கேட்டிருப்பார். எங்கள் அம்மன் கோயிலில் ஒரு டியூப் லைட் வாங்கிக் கொடுத்தவர்கூட, வெளிச்சமே வராத அளவுக்கு அதன்மேல் தன் பெயரை எழுதி 'உபயம்' போட்டுக்கொள்கிறார். நாங்கள் அதைக் கேலி செய்வோம். ஆனால் அந்த லைட் யார் கொடுத்தது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் மூச்சு விடும் காற்றைப் பற்றிய ஆய்வு யார் உபயம் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒரு பிடி பொரிக்குக் கெட்டுவிடும் என்று பயந்த கை, கட்டுரை முழுவதையும் வாங்கிக்கொண்டது. ஏழை வீட்டு மோர் மட்டும்தான் காதை மாற்றும் போலிருக்கிறது.

நாத்தனார் இப்போது தைப்பதில்லை. ஜன்னலை மூடிவைத்துக்கொண்டு, கழுத்தில் ஒரு துண்டோடு உட்கார்ந்திருக்கிறாள். மாத்திரைப் பொடியை உறிஞ்சும் குழாய் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பவுண்டரிக்கு இரண்டாவது ஷெட் வரப்போகிறது, அதற்கும் அந்தக் கட்டுரையைத்தான் காட்டியிருக்கிறார்கள். மலருக்கு என்ன எழுதட்டும் என்று அவளிடம் கேட்டேன். "செத்துட்டாரு பாவம், திட்டாத. கம்பெனி மூடிக்கீறப்போ அளந்தாருன்னு மட்டும் எழுது அண்ணி. அது நெசந்தானே" என்றாள். அவளுக்கு இருக்கும் பொறுமை எனக்கு இல்லை, என் கோபத்தையும் அந்த வாரத்தையும் சேர்த்தே எழுதி அனுப்பினேன். மாணவர் போன் செய்தார். "அக்கா, அந்த ஆயுத பூஜை விஷயத்தை மட்டும் எடுத்துடலாம். மலருக்கு சங்கத்துக்காரங்கதான் செலவு பண்றாங்க." செலவு அவர்களுடையது என்று மலரில் போடுவீர்களா என்று கேட்டேன். "பேர் வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றார். நான் எழுதியதைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

அதனால் இங்கே எழுதுகிறேன். எழுதியது நான்தான், வேறு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இதற்கு யாரும் பணம் தரவில்லை. இறந்தவர் என் குடும்பத்துக்குச் சோறு போட்டவர், மூச்சு இழுத்துக்கொண்டு கிடப்பவள் என் நாத்தனார். ஆகவே இந்த விஷயத்தில் நான் பொதுவான ஆள் இல்லை, படிப்பவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொண்டு படிக்கட்டும். இவ்வளவுதான் சார், நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது.