தலை நீட்டிய ஆணிகள்

எங்கள் தீவில், வுனிமோனோ என்ற ஊரில் குத்தகை நிலத்தில் வீடு கட்டும்போது, சுவருக்கு நுரை அடைத்த பேனல்தான் வேண்டும் என்றேன். வெயில் இறங்காது, வேலையும் சீக்கிரம் முடியும். காதில் பென்சில் செருகியிருந்த தச்சர் மரச்சட்டம்தான் என்று பிடிவாதமாக நின்றார். அடித்த ஆணிகளிலும் ஒன்றைக்கூட முழுதாக இறக்கவில்லை. எனக்கு எரிச்சல்.

“ஏன் தலைய வெளிய விடுறீங்க?”

“லீஸ் முடிஞ்சா வீட்டக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போவணும்ல, அண்ணே? ஒட்டுன பேனலு ஒடஞ்சுதான் வரும்.”

லீஸ் முடியவில்லை; ராணுவம் புகுந்து ஆட்சிதான் கவிழ்ந்தது, எங்களைப் போன்ற இந்தியர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கினோம். ஆக்லாந்துக்குக் கிளம்பும்போது வீட்டை அவருக்கே கொடுத்தேன். ஒரு பலகைகூடப் பிளக்காமல் கழற்றி லாரியில் ஏற்றினார்.

இங்கே பேனல் வீடு. குளிர் இறங்குவதில்லை. சுவரைத் தடவிப் பார்க்கிறேன். ஓர் ஆணித்தலைகூடக் கையில் தட்டுப்படவில்லை.