பின் அறையில் ஒரு வாரம்

மலேசியாவில், சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, சோறு ஊட்டுவது. அதிகம் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்த வேலை.

அங்கே தங்கியிருக்கும் ஒரு பெரியவர் தினமும் காலையில் குளித்துவிட்டுத் திருநீற்றுத் தட்டோடு கட்டில் கட்டிலாக வருவார். நெற்றியில் பூசிவிட்டு, அவரவர் கைகளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொள்வார். எழுந்து உட்கார முடியாதவர்கள்கூடக் கையை நீட்டி வைத்துக் காத்திருப்பார்கள்.

போன வருடம் அவர் விரல் இடுக்கில் சொறி வந்தது. கொஞ்ச நாளில் ஆறு பேர் சொறிந்துகொண்டிருந்தார்கள். கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸ் மிஸ்ஸி எல்லாருக்கும் மருந்து பூசச் சொன்னார். பெரியவருக்குத்தான் கடுமை என்பதால் அவரை ஒரு வாரம் தனியாக வைத்து, துணிகளைக் கொதிநீரில் அலச வேண்டும் என்றார்.

கையைப் பிடித்ததால்தான் பரவியது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “பின் ரூம்ல காத்து நல்லா வரும்யா” என்று கூட்டிப் போய் விட்டேன்.

மறுநாள் துணி எடுக்கப் போனபோது, எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்து மடியில் வைத்திருந்தார்.

“குடுங்கய்யா, துவைக்கணும்.”

“குடுத்துட்டு எதப் போட்டுக்கிட்டு வெளிய போறது? இந்த ரூமுக்கு வந்தவன எல்லாம் வேன் வந்துதானே ஏத்திக்கிட்டுப் போச்சு.”

உண்மைதான். முன்பு அங்கே இருந்த இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. நான் அதை நினைக்கவே இல்லை.

“உங்கள யாரும் அனுப்பலங்கய்யா. சொறி ஒட்டுவாரொட்டி. நீங்க கையப் பிடிக்கிறீங்கள்ல, அதுல மத்தவங்களுக்கும் வந்துருச்சு. ஒரு வாரம்தான்.”

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதச் சொல்ல உனக்கு ஒரு நாளா? என்னா ஆளு லா நீ!”

பையை என் பக்கம் தள்ளினார். உள்ளேயிருந்த தட்டை மட்டும் எடுத்து நீட்டினார்.

“நல்லா தேச்சுக் கழுவிட்டு, நீ போய்ப் பூசு. கையப் பிடிக்காத.”

மிச்ச நாளெல்லாம் நான்தான் பூசினேன். பூசிய பிறகும் பலர் கையை நீட்டியபடியே இருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, ஏன் பிடிக்கவில்லை, பெரியவர் எப்போது வருவார் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வாரம் முடிந்ததும் மிஸ்ஸி அவர் விரல்களைப் பார்த்துச் சரி என்றார். பெரியவர் தட்டோடு வந்தார், பூசினார். கைகள் நீண்டன. அவர் தட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பிடிக்கலாம்னு மிஸ்ஸி சொல்லிட்டாங்கய்யா” என்றேன்.

“கேட்டுச்சு. இன்னும் ஒரு வாரம் போகட்டும்” என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.