ஒரு பிள்ளைக்கு ஒரு விறகு

ஐம்பதுகளில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் நான்தான் பிள்ளை பார்ப்பவள். கொழுந்து எடுக்கும் தாய்மார் காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற வழியில் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுப்போவார்கள். நோர்வூட்டுக்கு மேலே ஏறுகிற மலை அது. மார்கழி, தையில் தகரக் கூரையின் உள்பக்கமே சொட்டும். துரை பங்களாவில் வேண்டாமென்று கழித்த இரும்பு அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்து நடுவில் வைத்து, குழாயைக் கூரைக்கு வெளியே விட்டிருந்தார்கள். அடுப்பைத் தந்தவர்கள் விறகு தரவில்லை. கணக்கப்பிள்ளையிடம் போய்க் கேட்டேன்.

"மலை பூரா மரம் நிக்குது. வெறகுக்கா பஞ்சம்?" என்று சிரித்தார்.

மரம் நின்றது உண்மைதான். அதில் கத்தி வைத்தால் வேலை போகும் என்பதை அவர் சொல்லவில்லை. ஆகவே நானே ஒரு சட்டம் போட்டேன்: பிள்ளையோடு சேர்த்து ஒரு விறகு. ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் விறகு என்று அந்தக் குளிர்காலம் முழுக்க வந்தார்கள்.

விறகு விஷயத்தில் எனக்கு வாய் நீளம். தேயிலை மிலாறு வந்தால் முகம் மலர்ந்துவிடும். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கி வருகிற குச்சிகள். முடிச்சும் முறுக்குமாகப் பார்க்க லட்சணமே இருக்காது. ஆனால் எரிந்து அடங்கிய பிறகும் கங்கு வெகுநேரம் கிடக்கும். பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு அதற்கு நிகரில்லை. எங்கள் பக்கத்தில் சவுக்கு என்றால் தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கும் மரம். அது சட்டென்று பற்றும், சட்டென்று தீரும். பால் சூடாக்க ஆகும். டர்பன்டைன் மரம் நல்ல சூடு, அந்த வாசம் சளிக்கும் இதம். என்ன, குழாயெல்லாம் கரி அப்பிக்கொள்ளும். முள்முருங்கையை மட்டும் கண்டாலே எனக்கு எரிச்சல். உரத்துக்கு வெட்டிப் போடுவதால் அது எங்கும் கிடக்கும், எடுத்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் உள்ளே முழுக்கத் தண்ணீர். நுனியில் நுரை தள்ளும், சூடு வராது, புகை காம்பராவை அடைத்துவிடும்.

கீழ் லயத்திலிருந்து வந்த ஒருத்தி தினமும் முள்முருங்கைதான் கொண்டுவந்தாள். எட்டு மாதப் பெண்பிள்ளை அவளுக்கு. புருஷன் தாயைப் பார்க்கக் கடல் கடந்து இந்தியாவுக்குப் போனவன். கடதாசி சரியில்லையென்று திரும்பி வர விடவில்லை. தனியாள். இருட்டும்வரை மலையில் நிற்பவள் மிலாறு பொறுக்க எப்போது போவாள்? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் ஒருநாள் புகையில் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக இருமியபோது, மற்ற தாய்மார் முன்னாலேயே அவள் மேல் பாய்ந்தேன்.

"இது வெறகா, தண்ணிக் கொழாயா? நாளைக்கும் இதையே தூக்கிட்டு வந்தேன்னா, புள்ளையையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரு."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்? மலைக்குப் போகாவிட்டால் அவள் வீட்டில் அடுப்பே எரியாது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா" என்றாள்.

மறுநாள் அவள் நீட்டிய விறகைக் கையில் வாங்கியதுமே தெரிந்தது, பல வருஷம் காய்ந்த கட்டை. சீராகப் பிளந்திருந்தாள். பொட்டுப் புகையில்லை. மஞ்சளாக நின்று எரிந்தது, மிலாறு போலவே கங்கும் கிடந்தது. அடுத்த நாளும் அதே விறகு, அதற்கடுத்த நாளும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, மனசு வச்சா முடியுதுல்ல?" என்று அவளைக் காட்டி மற்றவர்களுக்குச் சொன்னேன். அவள் லேசாகச் சிரித்துவிட்டு மலைக்குப் போனாள். எங்கே கிடைத்தது என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

ஒரு வாரம் போயிருக்கும். காலையில் அவள் விட்டுப்போன பிள்ளைக்கு விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சு வாங்கியது. தொட்டால் நெருப்பு. மலைக்கு ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டு, மருந்துக் காம்பராவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி லொறி ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைக்குச் சுற்ற உலர்ந்த துணி வேண்டுமென்று லயத்தில் அவள் குடியிருந்த காம்பராவுக்கு நான் போனேன்.

அங்கே ஒரு கட்டிலின் நாலு காலும் சட்டமும் மட்டும் நின்றன. பலகை ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் மண்தரையில் சாக்கு விரித்திருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், சாக்கு நனைந்திருந்தது.

லொறியில் அவள் எதிரில் உட்கார்ந்து, "ஏன்டி சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"பழைய பாக்டரிய இடிச்சப்ப அவரு பலகை வாங்கியாந்து அடிச்ச கட்டில்க்கா. காஞ்ச வெறகு எங்கிட்ட வேற என்ன இருக்கு?" என்றாள். பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, "பகல்ல உங்ககிட்ட சூடா இருக்குமுல்ல, ராத்திரிய எப்பிடியும் சமாளிச்சுக்கலாம்னு நெனச்சேன்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். இரண்டாம் நாள் பிள்ளை போய்விட்டது.

கணக்கப்பிள்ளையைக் குறை சொல்லலாம், துரையைச் சொல்லலாம், தரையின் ஈரத்தைச் சொல்லலாம். ஆறுதலுக்கு எல்லோரும் எனக்கு அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தூக்கிட்டுப் போயிரு என்று சொன்னது என் வாய். அன்றிலிருந்து யார் எந்த விறகைக் கொண்டுவந்தாலும் வாங்கிப் போட்டேன். கொண்டுவராதவளையும் ஒன்றும் கேட்கவில்லை.

பிள்ளையைப் புதைத்த நாலாம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். மற்ற தாய்மார் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் கொண்டிருந்தார்கள். அவளும் வரிசையில் நின்றாள். இடுப்பில் பிள்ளை இல்லை. இரண்டு கையிலும் விறகு இருந்தது. கட்டிலின் காலையும் சட்டத்தையும் வெட்டி, பிளந்து கட்டியிருந்தாள்.

"இதுவும் காஞ்சதுதான்கா. மத்த புள்ளைங்களுக்கு ஆகும்" என்று வாசலில் வைத்துவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். என்னை மன்னிச்சிரு என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாததற்கெல்லாம் வந்த வாய்.

அந்த விறகுக் கட்டைத் தொடாமல் ஓரமாக வைத்துவிடத்தான் நினைத்தேன். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. உள்ளே இருபத்தெட்டுப் பிள்ளைகள் கைகாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அடுப்பில் வைத்தேன். புகையே இல்லாமல் எரிந்தது.