வெள்ளை அடித்த அடுப்படி

அச்சுக் கடையில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் வேலையை விட்டுவிட்டு, கணினியில் ஆடும் பேய் விளையாட்டு ஒன்று செய்யப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "யாராவது கேட்டா என்னன்னு சொல்றது?" என்றார் அம்மா. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று சொல்லுங்கள் என்றேன். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டைச் செய்பவர்கள் இரண்டே பேர். நானும், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் எங்கள் தெருவிலேயே இருக்கும் என் பள்ளித் தோழியும். நிரல் எழுதுவது அவள். வீடு, சுவர், கதவு, இருட்டு எல்லாம் என் பொறுப்பு. முதல் காட்சி எங்கே நடக்கவேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: "நெசமா நீ எந்த எடத்துக்குப் பயந்த?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கடுகண்ணாவைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பெரியப்பாவின் வீடு. விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அதன் அடுப்படிக்குள் தனியாகப் போகமாட்டேன். விறகுப் புகை படிந்து சுவர் கன்னங்கரேலென்று இருக்கும். அதில் முகங்கள் தெரியும். அப்பாவுக்குக் கண்டி மாநகர சபையில் வேலை கிடைத்து எப்போதோ டவுனுக்கு வந்துவிட்டதால் நான் அந்தப் புகைக்குப் பழகாத பிள்ளை.

பெரியப்பாவும் பெரியம்மாவும் இப்போது இல்லை. அவர்களுடைய மகள், எனக்கு அக்கா, கணவரோடு அங்கேதான் இருக்கிறார். அக்காவுக்குக் கடுகண்ணாவை டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. போன் எடுத்து, வேலைக்காக உங்கள் வீட்டைப் படம் எடுக்கவேண்டும் என்றேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. "தாராளமா வாடி, நம்ம வீட்டப் போய் யாரு படம் எடுக்கப் போறா" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறிப் போனேன். அக்கா தலை குளித்து, கல்யாணங்களுக்கு உடுத்தும் சேலையில் வாசலில் நின்றிருந்தார். வீட்டுக்குள் காலை வைத்ததுமே சுண்ணாம்பு வாசம் அடித்தது. அடுப்படிச் சுவர் முழுக்க வெள்ளை. புகை படிந்த இடம் ஒன்றுகூட மிச்சமில்லை. டப்பாக்களைக் கழுவித் துடைத்துப் பலகையில் வரிசையாக வைத்திருந்தார். ஜன்னலுக்குப் புதுத் திரை.

என் முகம் விழுந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"என்னடி, நல்லா இல்லையா? ரெண்டு பேருமா ராவெல்லாம் அடிச்சோம். ஒரு கை இன்னும் அடிச்சிருக்கணும், சுண்ணாம்பு பத்தல."

"ரொம்ப நல்லா இருக்கு அக்கா."

படம் எடுத்தேன். கோழிக்கறி சமைத்திருந்தார், சாப்பிட்டேன். எடுத்த படங்கள் எதற்கும் உதவாது என்ற எரிச்சல் மட்டும் போகவில்லை. அவர் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாரம் முன்னாலேயே, சொல்லாமல் வந்திருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

தோழி படங்களைப் பார்த்துவிட்டு, "செவரு பால் மாதிரி இரிக்கு. இதுல யாரு பயப்படுவாங்க? நீயே கருப்பாக்கிரு" என்றாள்.

ஆக்கினேன். அக்கா மறைத்த கரியை ஒவ்வொரு அடுக்காகத் திரும்பப் பூசினேன். அழுக்கு, ஒட்டடை, ஒழுகிய தடம், துருப்பிடித்த டப்பா. திரையைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அத்தனை வருடம் அச்சுக் கடையில் கற்றதெல்லாம் அந்தச் சுவருக்குத்தான் என்பதுபோல வேலை நன்றாக வந்தது. இணையத்தில் சில படங்களைப் போட்டோம். முகம் தெரியாதவர்கள் பாராட்டினார்கள். ஒருவர் ஆங்கிலத்தில், "மனிதர் எவரும் வாழ முடியாத ஓர் இடத்தை எவ்வளவு அருமையாகக் கற்பனை செய்திருக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கு நான் இதயம் போட்டேன். அன்று மாலை இரண்டு பேரும் கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

தீபாவளிக்குத் துணி எடுக்க அக்கா கண்டிக்கு வந்தார். அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டார். நான் தேநீர் போட எழுந்து போனபோது கணினியை மூட மறந்துவிட்டேன். திரும்பி வந்தால் அவர் கதிரையில் சாய்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க ஜன்னல்தானே?"

"ஆமா அக்கா."

"நான் வெள்ளை அடிச்சேனே."

விளையாட்டுக்காக மாற்றினோம், பேய் வருகிற விளையாட்டு என்று உளறினேன். "எங்க வீட்டுலயா பேய்?" என்றார். அதில் கோபம் இல்லை. புரிந்துகொள்ளப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு படத்துக்குக் கீழே இருந்த ஆங்கில வரிகளைக் காட்டினார். "இது என்ன எழுதியிருக்காங்க?"

"நல்லா இருக்குன்னு சொல்றாங்க அக்கா. வெளிநாட்டுல இருந்தெல்லாம்."

அவர் முகம் மலர்ந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "பேய் வந்தா வந்துட்டுப் போகட்டும். செவத்த மட்டும் வெள்ளையா வச்சிருடி. தெரிஞ்சவங்க பாத்தா என்ன நெனப்பாங்க" என்றார்.

அவர் போனதும் அந்தப் படங்களை அழித்தேன். தோழிக்குக் கோபம் வந்தது. "நாலு பேரு பாக்கத் தொடங்கின நேரத்துல இப்பிடிச் செய்றியே" என்றாள். பிறகு தேடிப் பார்த்து, வேறு பக்கங்களில் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டார்கள், இனி அழித்தும் பயனில்லை என்றாள். சுவரை வெள்ளையாக்கி அந்தக் காட்சியை மறுபடி செய்யத் தொடங்கினோம். பயம் வரவில்லை. இன்றுவரை சரியாக வரவில்லை.

தீபாவளி அன்று பலகாரம் கொடுக்க லயத்துக்குப் போனேன். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பக்கத்து வீட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். நம் லயத்தை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்து நன்றாக இருக்கிறது என்கிறார்களாம் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லியிருந்தார். "எங்க வீட்டுக் காம்பராவையும் எடுங்க தங்கச்சி, கூட்டி வச்சிருக்கோம்" என்று ஒருவர் கையைப் பிடித்து இழுத்தார். மறுக்க முடியவில்லை. வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தேன். சுவரோரம் நிமிர்ந்து நின்றார்கள். ஒருவர் போய்ப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் அக்கா கூட வந்தார். வழியில் சொல்லிவிட்டேன். அந்த வெளிநாட்டுக்காரர் உண்மையில் என்ன எழுதினார், நான் அதற்கு என்ன போட்டேன், எல்லாவற்றையும். அக்கா நடந்துகொண்டே இருந்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது எனக்கு.

கோவில் வளைவு தாண்டியதும், "அத லயத்துல யார்கிட்டயும் சொல்லிறாதடி. சந்தோசமா இருக்காங்க" என்றார்.

பஸ் வந்தது. கையில் முறுக்குப் பையைத் திணித்து, பார்த்துப் போ என்றார். உள்ளே இடம் இருந்தது. உட்காரத் தோன்றாமல் பேராதனை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.